முதலில் அடுக்கு, பிறகு முடிச்சு

கடந்த தீபாவளி விடுமுறைக்கு வீட்டிற்குச் சென்றிருந்தபோது பாட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு சொல்றியே, அங்க அப்படி என்னதான் பண்றே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்தவள் நான். ஒளிச்சேர்க்கை, ஆவியாதல், உறைதல் எல்லாம் எனக்குத் தமிழில்தான் முதலில் அறிமுகமாயின. தேசிய இடைநிலைப்பள்ளியில் அறிவியல் மலாய்மொழிக்கு மாறியது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற்கு மாறியது. ஆக, என் தமிழ் அறிவியல் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வயதில் செய்யும் ஆய்வை விளக்க அந்தப் பன்னிரண்டு வயதுச் சொற்கள் போதவில்லை. "சும்மா கெமிஸ்ட்ரிதான் பாட்டி" என்று மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று பாட்டிக்குச் சொல்லாமல் விட்டதை இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

கிள்ளானில் கோயிலுக்குப் பக்கத்தில் பாட்டிக்கு ஒரு சிறிய பூக்கடை உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் கூட்டம் தாங்காது. நானும் உட்கார்ந்து பூக்கட்டினேன். பாட்டி கட்டும் முறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு மல்லிகையை ஒரு பக்கம் பார்க்க வைப்பார். அவற்றின் காம்பின்மேல் இன்னும் இரண்டை எதிர்ப்பக்கம் பார்க்க வைப்பார். விரல்கள் அவற்றை இலேசாகப் பிடித்திருக்கும். அதன் பிறகே நூல் சுற்றிவந்து முடிச்சாக இறுகும். நான் அவசரத்தில் கட்டிய சரம் கோணல்மாணலாக வந்தது. பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மொதல்ல பூவ அடுக்கு. அடுக்கு சரியா இருந்தா முடிச்சு தானா விழும்" என்றார்.

என் ஓராண்டு ஆய்வின் சாரம் இதுதான் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பி, ஒரு பெரிய தவற்றைக் கண்டுபிடித்த பிறகுதான் தோன்றியது. அதைச் சொல்வதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடுவோம்.

விரலும் நூலும்

அணுக்கள் தங்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு இணைவதைச் சகப்பிணைப்பு என்கிறோம். இடைநிலைப்பள்ளியில் 'இக்காத்தான் கோவாலென்' என்று படித்தோமே, அதுதான். இது மிக வலுவானது. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பைப் பிரிக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பாட்டியின் நூல் முடிச்சு இது.

மூலக்கூறுகளுக்கு இடையே மென்மையான ஈர்ப்புகளும் உண்டு. அவற்றுள் நமக்கு நன்கு தெரிந்தது ஹைட்ரஜன் பிணைப்பு. அதைப் பிரிக்கப் பெரும்பாலும் மோலுக்கு 20 கிலோஜூல் அளவே போதும். பாட்டியின் விரல்பிடி இது.

மென்மையாக இருப்பது குறைதானே என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையில் அதுவே அதன் சிறப்பு. பூவைத் தவறாக வைத்துவிட்டால் விரலைத் தளர்த்தி மாற்றி வைக்கலாம். முடிச்சு விழுந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் நூலைத்தான் அறுக்க வேண்டும். மென்மையான ஈர்ப்புகளும் அப்படியே. அவை சேரும், பிரியும், மீண்டும் சேரும். தவறாகச் சேர்ந்தவை பிரிந்து, நன்றாகப் பொருந்தியவை நிலைக்கும். யாரும் கையால் அடுக்காமலேயே கோடானுகோடி மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்துவிடுகின்றன. இதைத் தன்னணிவகுப்பு என்று அழைக்கலாம்.

கரைசலில் இரண்டு மூலக்கூறுகளைக் கலந்து சூடாக்கினால், அவை கூடையில் குலுக்கிய பூக்களைப்போல் எல்லாத் திசைகளிலும் மோதிக்கொள்ளும். எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு சேரும் என்பது பல வேளைகளில் நம் கையில் இருப்பதில்லை. வேண்டியதும் வேண்டாததும் கலந்தே கிடைக்கும். மாறாக, முதலில் மென்மையான ஈர்ப்புகளால் மூலக்கூறுகளை அணிவகுக்க வைத்து, அந்த அணி கலையாமல் இருக்கும்போதே சகப்பிணைப்பை உண்டாக்கினால் என்ன? அதுதான் நான் படித்துவரும் துறையின் மையக் கேள்வி.

இயற்கைக்கு இது புதிதன்று. நம் உயிரணுவில் டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி என்று ஹைட்ரஜன் பிணைப்புகளின் துணையால் முதலில் பொருத்தம் பார்க்கப்படுகிறது. அதன் பிறகே நொதி புதிய இழையின் முதுகெலும்பைச் சகப்பிணைப்பால் இணைக்கிறது. அடுக்கு முன்னே, முடிச்சு பின்னே.

பட்டையில் இருக்கும் பாடம்

என் ஆய்வுப் பொருளின் பெயர் சின்னமிக் அமிலம். நம் வீட்டுச் சமையலறையில் கிராம்பு, ஏலக்காயுடன் டப்பாவில் கிடக்கும் பட்டைக்கும் இதற்கும் உறவு உண்டு. பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் இந்த அமிலம் உண்டாகும். பார்ப்பதற்கு வெள்ளைத் தூள். உருகுநிலை 133 டிகிரி செல்சியஸ்.

இதன் மூலக்கூற்றை ஒரு பூவாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம். அது பூவின் தலை. மறுமுனையில் அமிலத் தொகுதி; அது காம்பு. இரண்டிற்கும் நடுவே கார்பன்களுக்கு இடையில் ஓர் இரட்டைப் பிணைப்பு. இரண்டு மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் நேருக்கு நேர் நிற்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால், நான்கு கார்பன்களும் இணைந்து ஒரு சதுரமாகிவிடும். இரண்டு புதிய சகப்பிணைப்புகள் பிறக்கும்.

வியப்பு இனிமேல்தான். சின்னமிக் அமிலத்தைக் கரைத்துவிட்டு ஒளியைப் பாய்ச்சினால் இந்தச் சதுரம் உருவாவதில்லை. மூலக்கூறு தன் இரட்டைப் பிணைப்பில் திரும்பி வேறு வடிவம் எடுப்பதோடு சரி. ஒளியால் தூண்டப்பட்ட மூலக்கூறு அந்த நிலையில் இருப்பது மிகக் குறுகிய நேரமே. அதற்குள் சரியான கோணத்தில் ஒரு துணை வந்து சேர்வதில்லை. அதே பொருளைப் படிகமாக்கி ஒளியைப் பாய்ச்சினால் சதுரம் கிடைக்கிறது.

அதுவும் எந்தச் சதுரம்? இந்த அமிலம் இரண்டு வகைப் படிகங்களாக உறையும். கரைசலை மெல்ல ஆறவிட்டால் பெரும்பாலும் ஆல்ஃபா வகை. சட்டென்று குளிரவைத்தால் பீட்டா வகை. ஆல்ஃபா படிகத்தில் அண்டை மூலக்கூறுகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒன்றின் தலைக்கு நேராக மற்றதன் காம்பு. பாட்டியின் சரத்தைப்போல. பீட்டா படிகத்தில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. தலைக்கு நேராகத் தலை. ஒளி பட்டவுடன் அவை நின்ற நிலையிலேயே பிணைந்துவிடுகின்றன. ஆல்ஃபாவிலிருந்து கிடைப்பது ஆல்ஃபா டிரக்ஸிலிக் அமிலம். 270 டிகிரிக்கு மேல்தான் உருகும். பீட்டாவிலிருந்து கிடைப்பது பீட்டா டிரக்ஸினிக் அமிலம். ஏறத்தாழ 210 டிகிரியில் உருகிவிடும். ஒரே மூலக்கூறு, ஒரே ஒளி. அடுக்கு மட்டுமே வேறு. விளைபொருளும் வேறு.

இந்த உறவைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் ஷ்மிட். அவரும் அவருடைய சகாக்களும் சின்னமிக் அமிலத்தின் பல வழிப்பொருள்களைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் அவற்றின் உள்ளமைப்பை அளந்து, 1964-இல் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் இணையாக இருக்க வேண்டும். இடைவெளி ஏறத்தாழ 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும். இதுவே அவர்கள் கண்ட விதி. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. அவர்கள் ஆராய்ந்தவற்றுள் காமா என்னும் மூன்றாவது வகைப் படிகமும் உண்டு. அதில் இடைவெளி 4.7 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். அது ஒளியில் எத்தனை நாள் கிடந்தாலும் சதுரமாவதில்லை. அரை ஆங்ஸ்ட்ராம் தள்ளி நின்றாலே உறவு இல்லை!

அடுப்பு செய்த ஆய்வு

இனி என் கதைக்கு வருகிறேன். பீட்டா படிகத்தைத் தயாரித்து, அதிலிருந்து பீட்டா டிரக்ஸினிக் அமிலத்தைப் பெறுவது என் திட்டத்தின் முதற்படி. சூடான கரைசலைப் பனிக்கட்டியில் வைத்துச் சட்டெனக் குளிரவைத்தேன். மெல்லிய பளபளப்பான படிகங்கள் வந்தன. வடிகட்டினேன். மறுநாள் தீபாவளிக்கு ஊருக்குப் புறப்பட வேண்டும். ஈரத்தோடு வைத்துவிட்டுப் போக மனமில்லை. உலர்த்தும் அடுப்பை 80 டிகிரியில் வைத்து, படிகத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பேருந்து பிடித்தேன்.

திரும்பி வந்து, நன்றாக உலர்ந்திருந்த தூளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பரப்பிப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். அவ்வப்போது தூளைக் கிளறி விட்டேன். வினைபடாமல் எஞ்சியதைக் கழுவி நீக்கிவிட்டு உருகுநிலையைப் பார்த்தேன். 210 டிகிரி வந்தது, உருகவில்லை. 230, 250... குழாய்க்குள் தூள் அசையாமல் இருந்தது. 270-ஐத் தாண்டிய பிறகே உருகத் தொடங்கியது. எனக்குக் கிடைத்திருந்தது ஆல்ஃபா. ஆய்வேட்டை ஒப்படைக்க ஏழு வாரமே இருந்தது. அன்றிரவு நான் அழுததை என் அறைத்தோழி மட்டுமே அறிவாள்.

மறுநாள் என் மேற்பார்வையாளர் குறிப்பேட்டைப் புரட்டினார். தயாரித்த முறையில் குறை சொல்லவில்லை. விரலை ஒரு வரியில் வைத்து, "ஏன் அடுப்பில் வைத்தாய்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பீட்டா நிலையற்ற வகை. 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் அது ஆல்ஃபாவாக மாறிவிடும். பாடநூலில் படித்திருந்தேன், அடிக்கோடும் இட்டிருந்தேன். நான் கிள்ளானில் பூக்கட்டிக்கொண்டிருந்த மூன்று நாளும், அடுப்புக்குள் என் மூலக்கூறுகள் திரும்பி, எதிரும் புதிருமாக அடுக்கிக்கொண்டிருந்தன. விளக்கை ஏற்றும் முன்பே விடை முடிவாகிவிட்டது. ஒளி அதற்கு முடிச்சு மட்டும் போட்டது.

பாட்டி சொன்னது அந்த நொடியில்தான் உறைத்தது. வினை நடக்கும் நேரத்தைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். எத்தனை மணி நேரம் ஒளி, எத்தனை வாட் விளக்கு என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் குறித்திருந்தேன். அடுக்கைக் காப்பதுதான் வேலையே என்பதை மறந்துவிட்டேன்.

மீண்டும் தொடங்கினேன். இம்முறை அடுப்பு இல்லை. குளிர்ந்த இடத்தில் ஈரமுறிஞ்சியோடு மூடிவைத்து உலர்த்தினேன். படிக வகையை எக்ஸ் கதிரால் சரிபார்த்த பிறகே விளக்கின் கீழ் வைத்தேன். உருகுநிலை 208-இல் தொடங்கி 210-இல் முடிந்தது. ஆய்வேட்டில் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

தோழியின் வேலை

ஷ்மிட்டின் விதியில் ஒரு சிக்கல் உண்டு. எந்த அடுக்கு எதைத் தரும் என்று அது சொல்லிவிடும். ஆனால் வேண்டிய அடுக்கை வரவழைக்கும் வழியைச் சொல்லாது. மூலக்கூறுகள் எப்படி உறையும் என்பது பெரும்பாலும் அவற்றின் விருப்பம். பல மூலக்கூறுகள் ஒளிக்கு ஒத்துவராத அடுக்கிலேயே உறைந்துவிடுகின்றன.

அதற்கு ஒரு வழியைக் காட்டியவர் லெனர்ட் மெக்கிலிவ்ரே. அவர் 2000-இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில் ரெசார்சினால் என்னும் சிறிய மூலக்கூற்றைப் பயன்படுத்தினார். அதற்கு இரண்டு கைகள்போல இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. இணைக்க வேண்டிய மூலக்கூறோ, நடுவில் இரட்டைப் பிணைப்பும் இரு முனைகளிலும் நைட்ரஜன் உள்ள வளையங்களும் கொண்டது. அது தனியாகப் படிகமானால் ஒளியில் வினைபுரிவதில்லை. ரெசார்சினாலைச் சேர்த்துப் படிகமாக்கினால் நிலைமை மாறுகிறது. ஒரு ரெசார்சினால் தன் இரு கைகளால் இரண்டு மூலக்கூறுகளை ஒரு முனையில் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு ரெசார்சினால் மறுமுனையில் பிடித்துக்கொள்கிறது. எல்லாம் ஹைட்ரஜன் பிணைப்புகளே. நடுவில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் 3.65 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இணையாக நிற்கின்றன. ஒளி பட்டதும் நூறு விழுக்காடும் சதுரமாகிவிடுகின்றன. வேதியியலில் நூறு விழுக்காடு என்பது எளிதில் கேட்கக் கிடைக்காத சொல்!

இதைப் படித்தபோது எனக்கு நம் அகத்திணைத் தோழி நினைவுக்கு வந்தாள். தலைவனையும் தலைவியையும் சேர்த்து வைக்கத் தோழி படாதபாடு படுவாள். ஆனால் இணைவது அவர்கள் இருவரே. ரெசார்சினாலும் அத்தகைய தோழிதான். வேலை முடிந்தபின் அதைக் கழுவி நீக்கிவிடலாம். விளைபொருளில் அதன் அணு ஒன்றுகூட இருக்காது.

இத்தகைய தோழியைக் கொண்டே அவருடைய குழுவினர் 2004-இல் சதுரங்கள் வரிசையாக ஒட்டி ஏணிபோல் அமைந்த மூலக்கூறுகளையும் படிகத்துக்குள் உருவாக்கிக் காட்டினர. இத்தகைய ஏணிகள் இயற்கையிலும் உண்டு. அம்மோனியாவைக் கொண்டு வாழும் அனமாக்ஸ் என்னும் பாக்டீரியாக்களின் சவ்வுக் கொழுப்புகளில் அவை இருப்பது 2002-இல் அறியப்பட்டது.

வளையத்துக்குள் வளையம்

தோழிக்குப் படிகம்தான் வேண்டும் என்பதில்லை. கரைசலிலும் அவளால் வேலை செய்ய முடியும். சங்கிலிக் கண்ணிகளைப்போல் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளைய மூலக்கூறுகளைச் செய்ய வேதியியலாளர்கள் நெடுங்காலம் முயன்றனர். 1960-இல் எடெல் வாசர்மான் அதைச் செய்துகாட்டினார். ஆனால் நீண்ட மூலக்கூறு ஒன்று தற்செயலாக வளையத்துக்குள் நுழைந்திருக்கும் வேளையில் அதன் முனைகள் இணைய வேண்டும். இப்படி நேர்வது அரிது என்பதால் கிடைத்த அளவு மிகச் சொற்பம்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ழான்-பியேர் சொவாஜ் 1983-இல் செப்பு அயனியைத் தோழியாக்கினார். ஒரு வளையத்தையும் ஒரு பிறைவடிவ மூலக்கூறையும் செப்பு தன்பால் இழுத்து, பிறையை வளையத்துக்குள் நிறுத்தியது. பின்னர் பிறையின் இரு முனைகளையும் சகப்பிணைப்பால் இணைத்து இரண்டாம் வளையமாக்கினார்கள். செப்பை நீக்கிய பின்னும் வளையங்கள் கோத்தபடியே நின்றன. விளைச்சல் 42 விழுக்காடு. மூலக்கூறு எந்திரங்கள் என்ற துறைக்கு வழிதிறந்த இந்தப் பணிக்காகச் சொவாஜ் 2016-இல் வேதியியல் நோபல் பரிசை ஃபிரேசர் ஸ்டோடார்ட், பென் ஃபெரிங்கா ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

வகுப்பில் நாம் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஓர் எடுத்துக்காட்டு போதும். டையசெட்டிலீன் என்னும் மூலக்கூறுகள் படிகத்தில் சரியான சாய்விலும் இடைவெளியிலும் அடுக்கி நின்றால், கதிர்வீச்சு பட்டவுடன் வரிசையாகப் பிணைந்து நீண்ட சங்கிலியாகின்றன. நிறமற்ற படிகம் நீலமாகிறது. ஜெர்மனியின் கெர்ஹார்ட் வெக்னர் 1969-இல் இந்த வினையை விளக்கினார். இன்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளில், கதிர் எங்கே எவ்வளவு விழுகிறது என்று சரிபார்க்கப் பயன்படும் ஒருவகைப் படத்தாள் இதே அடிப்படையில் இயங்குகிறது. எவ்வளவு கதிர் பட்டதோ அவ்வளவு நிறம் கூடும். நோயாளியின் உடலில் விழப்போகும் கதிரின் அளவை ஒழுங்காக அடுக்கிய மூலக்கூறுகள் முன்கூட்டியே காட்டித் தருகின்றன.

பாட்டிக்குச் சொன்ன பதில்

பொங்கலுக்கு வீட்டிற்குச் சென்றபோது, இந்தக் கட்டுரையின் முதல் வரைவு என் கையில் இருந்தது. அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டவில்லை. பூக்கூடையிலிருந்து நான்கு மல்லிகையை எடுத்தேன். இரண்டை எதிரும் புதிருமாக வைத்து, "பாட்டி, இது ஆல்ஃபா" என்றேன். இரண்டை ஒரே பக்கம் பார்க்க வைத்து, "இது பீட்டா. இத அடுக்கி, கலையாம பாத்து, வெளிச்சத்தால முடிச்சுப் போடறதுதான் என் ஆராய்ச்சி" என்றேன். அடுப்புக் கதையையும் சொன்னேன்.

பாட்டி பீட்டாவைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "இப்படி ஒரே பக்கம் வச்சா சரம் கோணிக்கும். அதான் ஓரமா சூடு பட்டதும் திரும்பிக்கிச்சு" என்றார்.

என் ஆய்வேட்டில் மூன்று பக்கத்தில் எழுதியது அது. இன்னும் சரியான தமிழ்ச்சொற்கள் எனக்கு எல்லாம் கிடைத்துவிடவில்லை. தன்னணிவகுப்பைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பொறியியல், மருத்துவம், கணக்கியல் என்று வெவ்வேறு துறைகளில் பயிலும் தோழர்களே, உங்கள் வீட்டிலும் இதே கேள்வியை யாராவது கேட்டிருப்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லிப் பாருங்கள். அந்தப் பதிலை அடுத்த ஆண்டிதழில் நாங்களும் படிக்க விரும்புகிறோம்.